ஒரே ஸ்கீமா, வெவ்வேறு பெயர்கள்: கான்ஸ்ட்ரெயின்ட் பெயர்களைச் சீர்செய்த பதிவு

பைத்தானில் எழுதிய ஒரு வெப் ஏபிஐ. டேட்டாபேஸோடு பேச எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0, ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) மாற்றும் மைக்ரேஷன் கோப்புகளுக்கு அலெம்பிக், பின்னால் டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ் 15. வந்த புகார்கள் மூன்று.

ஒன்று: ஒரு யூனிக் கான்ஸ்ட்ரெயின்டை (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற டேபிள் விதியை) நீக்கும் மைக்ரேஷன், ஒத்திகைத் தளமான ஸ்டேஜிங்கில் ஓடிவிட்டது. பயனர்கள் பயன்படுத்தும் தளமான புரொடக்ஷனில் 42704 பிழை. அந்தப் பெயரில் கான்ஸ்ட்ரெயின்டே இல்லை என்று பொருள். இரண்டு: ஏற்கெனவே பதிவான மின்னஞ்சலில் மறுபடி கணக்குத் தொடங்கினால் 409 (மோதல்) திரும்ப வேண்டும். புரொடக்ஷனில் மட்டும் 500 (சர்வர் பிழை) வருகிறது. மூன்று: வாடிக்கையாளரை நீக்கினால் அவருடைய ஆர்டர்களும் நீங்கும்படி ஃபாரின் கீயை (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் விதியை) கேஸ்கேடாக மாற்றிய மைக்ரேஷன் பிழையில்லாமல் முடிந்தது. ஆனாலும் நீக்கப் போனால் 23503 (ஃபாரின் கீ மீறல்) வந்து தடுக்கிறது.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கான்ஸ்ட்ரெயின்டுக்கு யாரும் பெயர் வைக்காவிட்டால் டேட்டாபேஸ் தானே ஒரு பெயர் வைக்கும். அந்தப் பெயர் டேபிளின் இன்றைய அமைப்பைப் பொறுத்ததல்ல, அது உருவான வழியைப் பொறுத்தது. புரொடக்ஷனும் ஸ்டேஜிங்கும் ஒரே வழியில் வளர்வது அபூர்வம். மைக்ரேஷன் கோப்பில் பெயரைத் திருத்தி மறுபடி ஓட்டினால் முதல் புகார் அப்போதைக்கு அடங்கும், ஆனால் அதே கோப்பு இப்போது ஸ்டேஜிங்கில் விழும். கோப்பைத் தொடுவதற்கு முன் இரண்டு இடத்திலும் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

உள்ளதை உள்ளபடி எடுப்பது

டேட்டாபேஸின் அமைப்பைக் காட்டும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா என்ற காட்சித் தொகுப்புக்குப் பலரும் நேராகப் போவார்கள். இந்த வேலைக்கு அது சரிவராது. போஸ்ட்கிரெஸ் 17 வரை அதிலுள்ள டேபிள்_கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் காட்சி, நாட் நல் விதிகளையும் செக் என்று காட்டி, உள் எண்களைக் கோத்து ஒரு பெயர் கொடுக்கும். அந்த எண்கள் ஒவ்வொரு டேட்டாபேஸிலும் வேறு. இரண்டு பட்டியலை ஒப்பிட்டால் உண்மையான வேறுபாடுகள் இந்த இரைச்சலில் புதைந்துபோகும். தவிர, பயனருக்கு உரிமை இல்லாத டேபிள்கள் அந்தப் பட்டியலில் வரவே வராது.

பிஜி_கான்ஸ்ட்ரெயின்ட் என்ற கேட்டலாகையே (போஸ்ட்கிரெஸ் தன் விவரங்களை வைக்கும் உள் டேபிளையே) நேரடியாகக் கேட்பது நல்லது. அதில் கான்ரெல்ஐடி டேபிளையும், கான்டைப் வகையையும், கான்நேம் பெயரையும், கான்கீ நெடுவரிசை எண்களின் வரிசையையும் தரும். வகை ஓர் எழுத்து: பி என்றால் பிரைமரி கீ, யூ என்றால் யூனிக், எஃப் என்றால் ஃபாரின் கீ, சி என்றால் செக், எக்ஸ் என்றால் எக்ஸ்க்ளூஷன். கூடவே பிஜி_கெட்_கான்ஸ்ட்ரெயின்ட்டெஃப் என்ற ஃபங்ஷனை அழைத்தால் முழு வரையறையும் உரையாக வரும். டேபிள், வகை, வரையறை, பெயர் என்ற நான்கையும் இதே வரிசையில் அடுக்கி ஒரு கோப்பில் இறக்க வேண்டும். பெயர் கடைசியில் இருப்பது முக்கியம். வரையறைப்படி வரிசையாக்கினால்தான் ஒரே விதியின் இரண்டு பெயர்கள் டிஃபில் (இரண்டு கோப்புகளின் வேறுபாட்டுப் பட்டியலில்) பக்கத்துப் பக்கத்து வரியாக விழும்.

ஒன்றை இந்தப் பட்டியல் காட்டாது: யூனிக் இண்டெக்ஸ். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் ஒரு நெடுவரிசைக்கு யூனிக், இண்டெக்ஸ் இரண்டையும் ட்ரூ என்று கொடுத்தால் உருவாவது யூனிக் கான்ஸ்ட்ரெயின்ட் அல்ல, வெறும் யூனிக் இண்டெக்ஸ். அது பிஜி_கான்ஸ்ட்ரெயின்டில் இருக்காது. அதை டிராப் கான்ஸ்ட்ரெயின்ட் போட்டு நீக்கப் பார்த்தால் 42704 தான் வரும். ஆனால் மதிப்பு மோதும்போது வரும் 23505 பிழையில், கான்ஸ்ட்ரெயின்ட் பெயர் என்ற புலத்தில் அந்த இண்டெக்ஸின் பெயரே இருக்கும். அதாவது பிழைச்செய்தியில் கண்ணால் பார்த்த பெயரை நீக்கச் சொன்னால், அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும். பிஜி_இண்டெக்ஸில் இண்டிஸ்யூனிக் உண்மையாக இருந்து, எந்தக் கான்ஸ்ட்ரெயின்டின் கான்இண்ட்ஐடியிலும் வராத இண்டெக்ஸ்களைத் தனியாக எடுத்து இன்னொரு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிஃப் காட்டியது

பெயரில்லாத கான்ஸ்ட்ரெயின்டுக்கு போஸ்ட்கிரெஸ் வைக்கும் பெயரில் டேபிள், நெடுவரிசை, வால் என மூன்று துண்டு. யூனிக்குக்கு _கீ, ஃபாரின் கீக்கு _எஃப்கீ, செக்குக்கு _செக். பிரைமரி கீக்கு நெடுவரிசை வராது, டேபிளோடு _பிகீ மட்டும். மாதிரி சீராகத்தான் இருக்கிறது. பிறகும் பெயர்கள் விலகியதற்குக் காரணங்கள் பல.

இன்றைக்கு மெம்பர்ஸ் என்று இருக்கும் டேபிள் முன்பு யூசர்ஸ் என்று இருந்தது. டேபிளின் பெயரை மாற்றினால் போஸ்ட்கிரெஸ் அதன் கான்ஸ்ட்ரெயின்ட், இண்டெக்ஸ், சீக்வென்ஸ் பெயர்களைத் தொடாது. எனவே புரொடக்ஷனில் மெம்பர்ஸ் டேபிளின்மேல் யூசர்ஸ்_ஈமெயில்_கீ உட்கார்ந்திருந்தது. ஸ்டேஜிங் பிற்பாடு புதிதாக எழுப்பப்பட்டது. அங்கே மெம்பர்ஸ்_ஈமெயில்_கீ. முதல் இரண்டு புகார்களும் இதில் முடிந்தன: மைக்ரேஷன், பிழையைப் பிடிக்கும் நிரல் இரண்டுமே ஸ்டேஜிங் பெயரைத்தான் தேடின.

பல நெடுவரிசை ஃபாரின் கீயில் வேறொரு கதை. போஸ்ட்கிரெஸ் 12க்கு முந்தைய பதிப்புகள் முதல் நெடுவரிசையை மட்டுமே பெயரில் சேர்த்தன. 12 முதல் எல்லா நெடுவரிசைகளும் சேர்கின்றன. ஒரே கட்டளையைப் பழைய பதிப்பில் ஓட்டியவருக்கும் புதிய பதிப்பில் ஓட்டியவருக்கும் வேறு வேறு பெயர் கிடைக்கும். பதிப்பு ஏற்றும்போது பழைய பெயர் அப்படியே கூட வரும்.

மூன்றாவது புகாருக்கான விடை ஆர்டர்ஸ் டேபிளில் இருந்தது. ஒரே நெடுவரிசையில், ஒரே டேபிளை நோக்கி, இரண்டு ஃபாரின் கீ. ஒன்றில் ஆன் டிலீட் கேஸ்கேட், மற்றதில் எதுவும் இல்லை. கேஸ்கேட் மைக்ரேஷனில் பழையதை நீக்க டிராப் கான்ஸ்ட்ரெயின்ட் இஃப் எக்ஸிஸ்ட்ஸ் என்று எழுதியிருந்தது. கொடுத்த பெயர் புரொடக்ஷனில் இல்லை. இஃப் எக்ஸிஸ்ட்ஸ் இருந்ததால் ஒரு நோட்டீஸோடு தாண்டிப் போய்விட்டது. அடுத்த வரி புதிய ஃபாரின் கீயைச் சேர்த்தது. பழையது உயிரோடு இருக்கும்வரை புதியதன் கேஸ்கேடால் பயனில்லை. இஃப் எக்ஸிஸ்ட்ஸ் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கான்ஸ்ட்ரெயின்டை மாற்றும் மைக்ரேஷனில் அது நேர்மாறானது. விழ வேண்டிய இடத்தில் விழாமல் காப்பாற்றி, தவறான ஸ்கீமாவை மௌனமாக விட்டுச் செல்லும். நீக்கிச் சேர்க்கும் ஜோடியில் அதைப் போடவே கூடாது.

இப்படிப்பட்ட இரட்டைகளைக் கண்டுபிடிக்க கான்ரெல்ஐடி, கான்கீ, கான்ஃப்ரெல்ஐடி, கான்ஃப்கீ நான்கையும் வைத்துக் குழுவாக்கி, எண்ணிக்கை 1க்கு மேல் உள்ளவற்றை எடுத்தால் போதும். இரட்டை ஃபாரின் கீ இருந்தால் ஒவ்வொரு இன்சர்ட்டிலும் சோதனை இருமுறை நடக்கும். இரட்டை யூனிக் என்றால் இரண்டு இண்டெக்ஸைச் சுமக்க வேண்டும். பெயரின் வாலில் _கீ1, _எஃப்கீ1 என்று எண் தெரிந்தால் சந்தேகப்படலாம். முதல் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்ததால்தான் அந்த எண் ஒட்டியது.

இத்தனையும் டெஸ்ட்டில் ஏன் சிக்கவில்லை? டெஸ்ட்கள் எஸ்க்யூலைட்டில் ஓடின. அதில் யூனிக் மீறலுக்கு வரும் செய்தியில் டேபிளும் நெடுவரிசையும்தான் இருக்கும், கான்ஸ்ட்ரெயின்ட் பெயர் இருக்காது. ஃபாரின் கீ மீறலில் எந்த ஃபாரின் கீ என்றுகூடச் சொல்லாது. பெயர் சார்ந்த நிரலை எஸ்க்யூலைட்டில் சோதிக்க வழியே இல்லை.

எந்த மரபு

மரபு எதுவானாலும் சரி, டேபிளையும் நெடுவரிசையையும் பார்த்தே பெயரைச் சொல்லிவிட முடிய வேண்டும். எடுத்துக்கொண்டவை இவை. பிரைமரி கீக்கு பிகே_டேபிள். யூனிக்குக்கு யூக்யூ_டேபிள்_நெடுவரிசைகள். ஃபாரின் கீக்கு எஃப்கே_டேபிள்_நெடுவரிசைகள்_இலக்குடேபிள். செக்குக்கு சிகே_டேபிள்_விதி. இண்டெக்ஸுக்கு ஐஎக்ஸ்_டேபிள்_நெடுவரிசைகள். எல்லாம் சிற்றெழுத்தில், இரட்டை மேற்கோள் இல்லாமல். மேற்கோள் போட்டுப் பேரெழுத்துக் கலந்து உருவாக்கிய பெயரை அதன்பின் எப்போதும் மேற்கோளோடுதான் அழைக்க வேண்டும். மேற்கோள் மறந்தால் போஸ்ட்கிரெஸ் சிற்றெழுத்தாக்கித் தேடி, இல்லை என்று சொல்லும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமியில் மெட்டாடேட்டாவின் நேமிங்_கன்வென்ஷன் என்ற அகராதியில் இவற்றைக் கொடுக்க வேண்டும். எல்லோரும் பிரதியெடுக்கும் மாதிரியில் ஒரு கண்ணி இருக்கிறது: யூனிக்குக்கு காலம்_0_நேம் என்ற டோக்கன். அது முதல் நெடுவரிசையை மட்டுமே எடுக்கும். பல நிறுவனங்களின் தரவு ஒரே டேபிளில் கிடக்கும் பயன்பாட்டில் யூனிக் விதிகள் பெரும்பாலும் நிறுவனத்தைக் குறிக்கும் டெனன்ட்_ஐடியில்தான் தொடங்கும். டெனன்ட்_ஐடியும் ஈமெயிலும் சேர்ந்து ஒன்று, டெனன்ட்_ஐடியும் ஃபோனும் சேர்ந்து இன்னொன்று. இரண்டுக்கும் யூக்யூ_மெம்பர்ஸ்_டெனன்ட்_ஐடி என்ற ஒரே பெயர் கிடைத்து மோதும். 1.3 பதிப்பு முதல் காலம்_0_என்_நேம் என்ற டோக்கன் இருக்கிறது. அது எல்லா நெடுவரிசைகளையும் அண்டர்ஸ்கோரில் கோக்கும். தொடக்கத்திலிருந்தே அதை வைப்பது நல்லது.

ஃபாரின் கீயில் நெடுவரிசைப் பெயரை விட்டுவிட்டு இரண்டு டேபிள் பெயர்களை மட்டும் வைக்கும் மரபும் புழக்கத்தில் உண்டு. பில்லிங் முகவரி, டெலிவரி முகவரி என ஒரே அட்ரஸஸ் டேபிளுக்கு இரண்டு ஃபாரின் கீ வந்த அன்றே அது உடைந்துவிடும்.

நீளம் இன்னொரு தொல்லை. போஸ்ட்கிரெஸில் பெயருக்கு 63 பைட் எல்லை. எழுத்து அல்ல, பைட். அதற்கு மேல் போனால் ஒரு நோட்டீஸ் மட்டும் கொடுத்து வாலை வெட்டிவிடும். கையால் எழுதிய கட்டளையில் 70 எழுத்துப் பெயர் கொடுத்தால் உருவாக்கும்போதும் வெட்டும், நீக்கும்போதும் அதே இடத்தில் வெட்டும், எனவே மைக்ரேஷன் அளவில் எதுவும் தெரியாது. பயன்பாட்டு நிரல் 70 எழுத்துப் பெயரோடு பிழையிலிருந்து வந்த 63 எழுத்தை ஒப்பிடும்போதுதான் அடிபடும். எஸ்க்யூஎல்ஆல்கெமி மரபின்படி தானே ஆக்கிய பெயர் நீண்டுவிட்டால் அது சுருக்கும் விதம் வேறு: முன்பகுதியை வைத்துக்கொண்டு கடைசியில் 4 எழுத்து ஹேஷ் ஒட்டும். ஆக ஒரே நீண்ட பெயர் கையால் எழுதிய எஸ்க்யூஎல் வழியாகப் போனால் ஒன்று, எஸ்க்யூஎல்ஆல்கெமி வழியாகப் போனால் இன்னொன்று. நீளும் பெயர்களுக்கு மாடலிலேயே குறுகிய பெயரை வெளிப்படையாகக் கொடுத்துவிடுவதே நிம்மதி. அப்படி வெளிப்படையாகக் கொடுத்தது 63ஐத் தாண்டினால் எஸ்க்யூஎல்ஆல்கெமி வெட்டாது, பிழை எழுப்பும். அதுதான் வேண்டியதும்.

அலெம்பிக்கில் கவனிக்க வேண்டியவை

நேமிங்_கன்வென்ஷனைச் சேர்த்த கையோடு, மாடலையும் டேட்டாபேஸையும் ஒப்பிட்டு மைக்ரேஷன் எழுதித் தரும் ஆட்டோஜெனரேட்டை ஓட்டினால், பெயர் மாறிய யூனிக்குகளுக்கெல்லாம் நீக்கு, சேர் என்று ஜோடி ஜோடியாக வந்து நிற்கும். அதை அப்படியே ஏற்றக் கூடாது. யூனிக்கை நீக்கிச் சேர்த்தால் இண்டெக்ஸ் முழுவதும் மறுபடி கட்டப்படும், அதுவரை டேபிள் பூட்டிக் கிடக்கும். அந்த யூனிக்கை நம்பி வேறு டேபிளின் ஃபாரின் கீ இருந்தால் 2பிபி01 என்று சார்புப் பிழை வரும். அதைத் தாண்ட கேஸ்கேட் போட்டால் அந்த ஃபாரின் கீயும் சேர்ந்து போய்விடும். இங்கே வேண்டியது பெயர் மாற்றம் மட்டும். அலெம்பிக்கில் அதற்கெனத் தனிக் கட்டளை இல்லை, ஆப்.எக்ஸிக்யூட்டில் எஸ்க்யூஎல்லாக எழுத வேண்டும்.

செக் கான்ஸ்ட்ரெயின்டின் மரபில் கான்ஸ்ட்ரெயின்ட்_நேம் டோக்கன் இருப்பதால், கொடுக்கும் பெயர் மூலப்பொருள்தான், முடிந்த பெயர் அல்ல. மாடலில் டோட்டல்_பாசிட்டிவ் என்று மட்டும் எழுதினால் சிகே_ஆர்டர்ஸ்_டோட்டல்_பாசிட்டிவ் ஆகும். முழுப் பெயரையும் எழுதினால் சிகே_ஆர்டர்ஸ்_சிகே_ஆர்டர்ஸ்_டோட்டல்_பாசிட்டிவ் ஆகிவிடும். மைக்ரேஷன் கோப்பிலும் இதே கதை: முழுப் பெயரை ஆப்.எஃப் என்ற ஃபங்ஷனுக்குள் வைத்தால்தான், இது முடிந்த பெயர், மரபை மறுபடி ஏற்றாதே என்று அலெம்பிக் புரிந்துகொள்ளும். ஆட்டோஜெனரேட் இதைத் தானே எழுதுகிறது. கையால் திருத்துபவர்கள் அழகுக்காக ஆப்.எஃப்பை எடுத்துவிடுவதால்தான் வினை. பெயரே இல்லாமல் செக் எழுதினால் அந்த டோக்கன் காரணமாக எஸ்க்யூஎல்ஆல்கெமி நேரடியாகப் பிழை எழுப்பும்.

அதிகம் குழப்புவது பழைய மைக்ரேஷன்கள். பெயரில்லாத யூனிக்கோடு எழுதிய பழைய கிரியேட்_டேபிள் கோப்பு, இன்றைக்குப் புதிய டேட்டாபேஸில் ஓடும்போது இன்றைய மெட்டாடேட்டாவின் மரபை எடுத்துக்கொள்கிறது. அலெம்பிக் டார்கெட்_மெட்டாடேட்டாவிலிருந்து மரபை வாங்கிப் பயன்படுத்துவதே காரணம். கோப்பு மாறவில்லை, அது உருவாக்கும் பெயர் மாறிவிட்டது. ஆகவே புதிதாக எழுப்பும் டேட்டாபேஸில் கான்ஸ்ட்ரெயின்டுகள் பிறக்கும்போதே புதிய பெயரோடு பிறக்கும். பெயர் மாற்றும் மைக்ரேஷன் அங்கே பழைய பெயரைத் தேடி 42704இல் விழும். பெயர் மாற்ற மைக்ரேஷன் மூன்று நிலைகளைத் தாங்க வேண்டும்: பழைய பெயர் உள்ள புரொடக்ஷன், வேறு பழைய பெயர் உள்ள ஸ்டேஜிங், ஏற்கெனவே புதுப்பெயர் உள்ள புத்தம்புது டேட்டாபேஸ்.

பெயர் மாற்றம்

ரீநேம் கான்ஸ்ட்ரெயின்ட் போஸ்ட்கிரெஸ் 9.2 முதல் உண்டு. ஆல்டர் டேபிள் மெம்பர்ஸ் ரீநேம் கான்ஸ்ட்ரெயின்ட் யூசர்ஸ்_ஈமெயில்_கீ டு யூக்யூ_மெம்பர்ஸ்_ஈமெயில். யூனிக், பிரைமரி கீ என்றால் பின்னாலுள்ள இண்டெக்ஸின் பெயரும் சேர்ந்து மாறும். இதற்கு மட்டும் இஃப் எக்ஸிஸ்ட்ஸ் கிடையாது. ஆல்டர் டேபிளோடு எழுதும் இஃப் எக்ஸிஸ்ட்ஸ் டேபிளைப் பற்றியதே.

இடத்துக்கு இடம் பழைய பெயர் வேறு என்பதால் அதை வைத்துத் தேடுவதில் பயனில்லை. தேட வேண்டியது வரையறையை. ஒரு டூ (DO) பிளாக்கில், அதாவது எஸ்க்யூஎல்லுக்குள்ளேயே ஓடும் சிறு நிரலில், டேபிள், வகை, நெடுவரிசை வரிசை, விரும்பும் பெயர் என்று பட்டியல் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிஜி_கான்ஸ்ட்ரெயின்டில் பொருந்துவதைத் தேட வேண்டும். கான்கீயிலுள்ள எண்களைப் பெயர்களாக்கும்போது அன்னெஸ்ட்டோடு வித் ஆர்டினாலிட்டி சேர்த்து வரிசையைக் காப்பாற்ற வேண்டும். இல்லையென்றால் டெனன்ட்_ஐடி, ஈமெயில் என்ற வரிசை எப்போதாவது புரண்டு வரும். பொருந்துவது ஒன்று கிடைத்து, பெயர் வேறாக இருந்தால் மாற்று. பெயர் ஏற்கெனவே சரியென்றால் தாண்டு. ஒன்றும் கிடைக்காவிட்டாலும், இரண்டு கிடைத்தாலும் ரெய்ஸ் எக்ஸெப்ஷன் போட்டு நிறுத்து. இரட்டையில் எதை வைப்பது என்று மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆர்டர்ஸ் ஃபாரின் கீயில் கேஸ்கேட் உள்ளதை வைத்து மற்றதைக் கையால் நீக்கிய பிறகுதான் இந்த மைக்ரேஷன் ஓட்டப்பட்டது. கட்டளையைக் கோக்க ஃபார்மட் ஃபங்ஷனில் சதவீதம் ஐ என்ற குறியைப் பயன்படுத்தினால் மேற்கோள் தேவைப்படும் பெயர்களுக்கு அதுவே போட்டுக்கொள்ளும்.

செக்குகளை மட்டும் இப்படித் தானாகப் பொருத்த முயல வேண்டாம். போஸ்ட்கிரெஸ் எழுதியதை அப்படியே வைப்பதில்லை. இன் பட்டியல் என்று எழுதியது ஈக்வல் எனி அரே என்று திரும்ப வரும், டைப் காஸ்ட்கள் முளைத்திருக்கும். டிஃப் கோப்பைப் பார்த்துக் கையால் பட்டியலிடுவது விரைவு.

பெயர் மோதலில் இரண்டு விதப் பிழை வரும். ஃபாரின் கீ, செக் பெயர்கள் அந்த டேபிளுக்குள் தனித்திருந்தால் போதும். மோதினால் 42710. யூனிக்கும் பிரைமரி கீயும் இண்டெக்ஸாகவும் இருப்பதால் ஸ்கீமா முழுவதிலும் தனித்திருக்க வேண்டும். மோதினால் 42பி07, அதாவது அந்தப் பெயரில் ஒரு ரிலேஷன் ஏற்கெனவே உள்ளது என்ற செய்தி. டேபிளின் கான்ஸ்ட்ரெயின்டுகளை மட்டும் பார்த்தால் அந்தப் பெயர் காணக் கிடைக்காது. பழைய தனி இண்டெக்ஸ் ஒன்று அதே பெயரில் இருக்கிறதா என்று பிஜி_கிளாஸில் பார்க்க வேண்டும்.

அப்படிக் கிடக்கும் யூனிக் இண்டெக்ஸைக் கான்ஸ்ட்ரெயின்டாக உயர்த்தவும் முடியும்: ஆட் கான்ஸ்ட்ரெயின்ட், புதுப்பெயர், யூனிக் யூசிங் இண்டெக்ஸ், பழைய இண்டெக்ஸ் பெயர். இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படாது, அதன் பெயர் மட்டும் கான்ஸ்ட்ரெயின்டின் புதுப்பெயருக்கு மாறிவிடும். வேர் (WHERE) நிபந்தனையோடு உள்ள பகுதி இண்டெக்ஸுக்கும், லோயர்(ஈமெயில்) போன்ற எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸுக்கும் இது பலிக்காது. அவை இண்டெக்ஸாகவே இருக்கட்டும், பெயரில் மட்டும் மரபு பேணினால் போதும்.

ஆல்டர் டேபிளின் பூட்டு ஆக்ஸஸ் எக்ஸ்க்ளூசிவ். வரிகளைப் படிப்பதில்லை என்பதால் வேலை கணத்தில் முடியும். ஆபத்து காத்திருப்பில் இருக்கிறது. நீண்ட அறிக்கை ஒன்று அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் ரீநேம் அதன் பின்னால் நிற்கும். ரீநேமுக்குப் பின்னால் சாதாரண செலக்ட்கள்கூட வரிசையில் நிற்கும். பார்ப்பவருக்குத் தளமே நின்றதுபோல் இருக்கும். செட் லோக்கல் லாக்_டைம்அவுட் 3 விநாடி என்று வைத்தால் கிடைக்காதபோது 55பி03 பிழையோடு விலகிவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி ஓட்டலாம். எல்லா டேபிளையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் அடக்காமல் டேபிளுக்கு ஒன்றாகப் பிரித்தது, ஒரு டேபிளின் பூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக.

பயன்பாட்டுப் பக்கம்

பெயரை மாற்றினால் பெயரை நம்பியிருக்கும் நிரல் உடையும். ரெபோ முழுவதும் _கீ, _எஃப்கீ, _செக் என்று முடியும் சரங்களைத் தேடியதில் இரண்டு வகை கிடைத்தன.

முதலாவது, மீறலைப் பிடித்துப் பயனருக்குச் சொல்லும் இடம். இன்டெக்ரிட்டிஎர்ரரின் ஆரிஜ் வழியாகப் போய் டயக்.கான்ஸ்ட்ரெயின்ட்_நேமை எடுக்க வேண்டும். செய்தி உரையில் பெயரைத் தேடும் நிரல் நம்பத்தக்கதல்ல. சர்வரின் மொழி அமைப்பு மாறினால் உரையும் மாறும். பெயரிலிருந்து பதிலுக்கான அகராதி ஒரே கோப்பில் இருக்கட்டும். நாட் நல் மீறலான 23502க்கு இந்த வழி சரிப்படாது, அதற்கு டயக்.காலம்_நேமைப் பார்க்க வேண்டும். அகராதியில் இல்லாத பெயர் வந்தால் 23505 என்ற குறியீட்டை வைத்தே பொதுவான 409 கொடுத்து, பெயரைப் பதிவில் எழுதிவைப்பது சரி. 500 கொடுக்க அங்கே நியாயமில்லை.

இரண்டாவது, ஆன் கான்ஃப்ளிக்ட் ஆன் கான்ஸ்ட்ரெயின்ட் என்று பெயரை நேரடியாக எழுதிய அப்சர்ட்கள் (வரி இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து என்ற கட்டளைகள்). இவற்றைப் புதுப்பெயருக்கு மாற்றாமல், ஆன் கான்ஃப்ளிக்ட் என்றதன்பின் அடைப்புக்குறிக்குள் நெடுவரிசைகளைக் கொடுக்கும் வடிவுக்கு மாற்றியது மேல். பெயர் எதுவானாலும் ஓடும், யூனிக் இண்டெக்ஸ் மட்டும் இருந்தாலும் ஓடும்.

ஏற்றிய வரிசை: அகராதியில் பழைய பெயர்களும் புதிய பெயரும் ஒன்றாக இருக்கும் வெளியீடு முதலில், பெயர் மாற்ற மைக்ரேஷன் அடுத்து, பழைய பெயர்களை நீக்கும் வெளியீடு கடைசியில். வரிசை புரண்டால் இடைப்பட்ட நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு மறுபடி 500 தான்.

மைஎஸ்க்யூஎல் என்றால்

மேலே சொன்னதில் பாதி அங்கே பொருந்தாது. ஃபாரின் கீ பெயர் டேபிளுக்குள் அல்ல, டேட்டாபேஸ் முழுவதும் தனித்திருக்க வேண்டும். மோதினால் 1826. பெயர் எல்லை 64 எழுத்து, தாண்டினால் வெட்டாமல் 1059 பிழை. பிரைமரி கீக்கு என்ன பெயர் கொடுத்தாலும் அது பிரைமரிதான். பெயரில்லாத ஃபாரின் கீ டேபிள்_ஐபிஎஃப்கே_1 என்று எண்ணோடு வரும். இந்த வகைப் பெயர்கள் டேபிளின் பெயரை மாற்றும்போது தாமே மாறும், போஸ்ட்கிரெஸுக்கு நேரெதிர்.

ஃபாரின் கீயின் பெயரை மட்டும் மாற்றும் கட்டளை இல்லை, நீக்கிச் சேர்க்க வேண்டும். ஃபாரின்_கீ_செக்ஸ் 1 ஆக இருந்தால் சேர்ப்பதற்கு டேபிளையே பிரதியெடுக்கும். 0 ஆக்கினால் இடத்திலேயே முடியும், ஆனால் உள்ள வரிகள் சோதிக்கப்படாது. பெரிய டேபிளில் 0 ஆக்கிச் சேர்க்கிறவர்கள் அனாதை வரிகளை லெஃப்ட் ஜாயினில் தாமே தேடிப் பார்த்துவிட வேண்டும். இண்டெக்ஸுக்கு ரீநேம் இண்டெக்ஸ் 5.7 முதல் உண்டு. இன்னொன்று: இரட்டை மதிப்புக்கான 1062 பிழையுரையில் 8.0.19 முதல் கீயின் பெயருக்கு முன்னால் டேபிள் பெயரும் புள்ளியும் சேர்ந்து வருகிறது. ரெகெக்ஸ் வைத்து உரையைப் பிரிக்கும் நிரல் பதிப்பு ஏறிய அன்று உடைந்திருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மறுபடி விலகாமல் பார்ப்பது

நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனையான சிஐயில், காலியான போஸ்ட்கிரெஸில் எல்லா மைக்ரேஷன்களையும் ஓட்டியபின், பிஜி_கான்ஸ்ட்ரெயின்டில் பிகே_, யூக்யூ_, எஃப்கே_, சிகே_ என்று தொடங்காத பெயர் ஏதாவது இருந்தால் பில்டைத் தோற்கடிக்கும் ஒரு டெஸ்ட் சேர்ந்தது. அலெம்பிக்கின் சொந்த டேபிளின் பிரைமரி கீயை விலக்கு பட்டியலில் வைக்க வேண்டும். முன்னொட்டை மட்டும் பார்த்தால் யூக்யூ_யூசர்ஸ்_ஈமெயில் மெம்பர்ஸில் கிடந்தாலும் தேறிவிடும் என்பதால், முன்னொட்டுக்கு அடுத்து அந்த டேபிளின் இன்றைய பெயர் வருகிறதா என்பதும் சோதனையில் உண்டு. டேபிள் பெயர் மாற்றும் மைக்ரேஷனை இனி எழுதுபவர் கான்ஸ்ட்ரெயின்ட் பெயரையும் மாற்றாமல் மெர்ஜ் செய்ய முடியாது.

இந்த டெஸ்ட் காலியான டேட்டாபேஸை மட்டுமே பார்க்கிறது, புரொடக்ஷனை அல்ல. முன்பு எடுத்த அதே நான்கு நெடுவரிசைப் பட்டியலை ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பின்னும் புரொடக்ஷனிலிருந்து எடுத்து, சிஐ உருவாக்கிய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். கையால் யாராவது ஒரு யூனிக் சேர்த்திருந்தால் அங்கேதான் தெரியும். போஸ்ட்கிரெஸ் 18க்கு ஏற்றும்போது இரண்டிலும் வகை ‘என்’ (n) என்றுள்ள வரிகளை வடிகட்ட வேண்டும். அந்தப் பதிப்பிலிருந்து நாட் நல் விதிகளும் பிஜி_கான்ஸ்ட்ரெயின்டில் ஆர்டர்ஸ்_டோட்டல்_நாட்_நல் போன்ற பெயரோடு பதிவாகின்றன. வடிகட்டாவிட்டால் டெஸ்ட் எல்லா டேபிளிலும் ஒரேயடியாகச் சிவப்பாகும்.